நாலு தலையணைக் கால்

அந்த இனத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு காலாகத்தான். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற பெருமையோடு, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி அறைக்குள் நுழைகிறேன். எதிர்க் கட்டிலில், முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால், நான்கு தலையணைகளின் மேல் சிம்மாசனம் ஏறியதுபோல வீற்றிருக்கிறது. காலுக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒரு தலை. அந்தத் தலைக்குத் தலையணை இல்லை.

“வா தம்பி. அந்தக் கட்டில் உன்னுது” என்றது தலை.

“தலையணை இல்லையே அண்ணா?”

“இருக்கே. கீழயிருந்து ரெண்டாவது. இப்ப உருவினா எலும்பு நகர்ந்துடும்.”

பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டுக்கொண்டேன். சட்டைகளைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

இப்படித்தான், வாசகரே, அடிபட்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போன ஓரத்து வீரர் என்னும் இனம் எனக்கு அறிமுகமானது. ஓரத்து வீரர் என்றால் ஆடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரமாதமாக ஆடுவார். சிக்கலே அதுதான். எங்கள் ஏணி (உயரத்துக்காக வைத்த பெயர், பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்) கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கே தூண். பந்துக்காக எம்பியவர், இறங்கும்போது எதிரணிக்காரன் ஒருவனின் காலணி மேல் இறங்கிவிட்டார். பாதம் மடங்கி, சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் எலும்பில் விரிசல். வலி நிஜம், அதில் கேலிக்கு இடமில்லை. போர்வை நுனி பட்டாலே பல்லைக் கடித்துக்கொள்வார், கண்ணோரம் நனையும். கேலியெல்லாம் வலி குறைந்த பிறகுதான் ஆரம்பம்.

வலி குறையக் குறையக் கதை வளரும். இந்த இனத்தின் முதல் லட்சணம் அது. நான் வந்த அன்று, அந்தக் காலணிக்காரன் ஏணியின் உயரம்தான். மாவுக்கட்டு கொஞ்சம் அழுக்கேறியபோது அவன் ஏணியைவிட ஒரு சாண் வளர்ந்திருந்தான். அப்புறம் அவன் தனியாக வருவதில்லை. இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் சேர்ந்துகொண்டார்கள். மாவுக்கட்டை அவிழ்க்கும் சமயத்தில் எதிரணி மொத்தமும், அவர்களுடைய கோச் உட்பட, ஏணியின் ஒற்றைப் பாதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

“அப்பவும் பந்தை விடல தம்பி.”

விட்டார். விட்ட பந்து எங்கே போனது என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாவுக்கட்டுப் போட்டவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

இரண்டாவது லட்சணம் எக்ஸ்ரே. அறைக்குள் யார் வந்தாலும் ஏணி அந்தப் படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். “தெரியுதா?” என்பார். தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. “எங்க, காட்டு” என்பார். மின்விசிறியைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஸ்டூலின் மேல் நின்றபடியே “ஒண்ணும் தெரியல சார்” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவரைக் கீழே இறக்கி, உட்காரவைத்து, கொட்டாவி விடும்வரை எலும்புப் பாடம் நடத்தினார் ஏணி. போகும்போது அந்த மனிதர் நொண்டிக்கொண்டு போன மாதிரி எனக்குப் பட்டது. விசிறி மட்டும் கடைசிவரை சுற்றவில்லை.

எக்ஸ்ரே பார்க்கத் தெரிந்தவர் அடுத்து என்ன ஆவார்? டாக்டர் ஆவார். கேன்டீன் வரிசையில் யாராவது கொஞ்சம் காலை மாற்றி நின்றால் போதும். “அமுத்துனா வலிக்குதா, விட்டா வலிக்குதா?” என்று பின்னாலிருந்து குரல் வரும். வலிக்கவே இல்லை என்றால் இன்னும் ஆபத்து. “எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு.”

ஆனால் ஓரத்து வீரரை அவருடைய சொந்தச் சீமையில் பார்க்க வேண்டுமென்றால் மைதானத்து பெஞ்சுக்குத்தான் வரவேண்டும். அணியின் முழுச் சீருடை, ஒரு காலில் வெள்ளை வெளேரென்ற காலணி, மறு காலில் மாவுக்கட்டு, கழுத்தில் துண்டு, இரண்டு ஊன்றுகோல்களில் ஒன்று கக்கத்திலும் மற்றொன்று ஆகாயத்திலுமாக, உண்மையான கோச்சுக்கு வாயைத் திறக்க இடம் கொடுக்காமல், பத்து ஆட்டக்காரர்களுக்கும் நடுவருக்கும் சேர்த்து யோசனை வழங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரணிக்கும் வழங்குவார். நல்ல யோசனையை வீணாக்க மனம் வராது.

அதிகம் வாங்கியவன் கொசு. ஏணியின் இடத்தில் ஆட வந்தவன். ஏணியின் தோளுக்குக்கூட எட்டாதவன். பந்தைப் போடும்போது அவனுடைய முழங்கை, இடுப்பில் குடம் வைத்தவர்கள் மாதிரி வெளியே துருத்தி நிற்கும். பார்க்கச் சகிக்காது. பந்து மட்டும் போய்க் கூடையில் விழும்.

“டேய் கொசு, முழங்கைய உள்ள வைடா!”

கொசு வைக்க மாட்டான். பந்து விழும்.

“விழுது, சரி. அழகா விழலையே” என்பார் ஏணி என்னிடம்.

இனி இந்த இனத்தின் இலக்கணத்துக்கு வருவோம். ஆட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது வாட்ச்மேன் முடிவு கேட்பார். ஜெயித்திருந்தால் ஏணியின் பதில்: “ஜெயிச்சுட்டோம்.” தோற்றிருந்தால்: “தோத்துட்டானுங்க.” இரண்டும் ஒரே அணிதான். வெற்றியில் ஏணி உள்ளே இருப்பார். தோல்வியில் எப்போது வெளியேறினார் என்று யாருக்கும் தெரியாது. கூடவே ஒரு பெருமூச்சு: “நான் மட்டும் இருந்திருந்தா...” உள்ளூர அவருக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. அணி ஜெயிக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் திணறி, அவர் இல்லாத குறை நன்றாகத் தெரிந்து, அதன் பிறகு ஜெயிக்க வேண்டும். பாவிகள் திணறவே இல்லை.

அரையிறுதி வெளியூரில். வேனில் மாவுக்கட்டுக் காலை நீட்ட இடமில்லை என்று ஏணியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவர் எக்ஸ்ரேயைத் தொடவில்லை. மாலையில் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் கொசு.

“அண்ணா, நாங்க ஜெயிச்சுட்டோம்!”

ஏணியின் முகத்தில் கிளம்பிய சிரிப்பு பாதி வழியில் நின்றது.

“என்ன சொன்ன?”

“ஜெயிச்சுட்டோம்ணா. ஃபைனல்ல இருக்கோம்.”

“அதுக்கு முன்னாடி.”

“அண்ணான்னு சொன்னேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல.”

கொசு யோசித்தான். “நாங்கன்னேன்...”

“நாங்களா” என்றார் ஏணி. “சரிடா. போய்க் குளி.”

வாசகரே, நாம் பிறந்த மொழி லேசுப்பட்டதா? ‘நாம’ என்றால் கேட்கிறவனும் சேர்த்தி. ‘நாங்க’ என்றால் கேட்கிறவன் தவிர்த்து. ஒரே ஒரு சொல்லில் ஒரு மனிதனை வேனிலிருந்து இறக்கிவிடலாம். பையன் தெரிந்து சொல்லவில்லை. அவர் வேனில் இல்லை, அவன் இருந்தான், இலக்கணம் தன் வேலையைச் செய்தது. எலும்பு முறிந்ததற்குக்கூட அப்படி ஒடுங்காத மனிதர் அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். “தம்பி, உன் தலையணைய வேணும்னா எடுத்துக்க” என்றார். நான் பயந்துவிட்டேன். எடுக்கவில்லை.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதற்குள் மாவுக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு காலிலும் காலணி மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார் ஏணி. வாயைத் திறக்கவில்லை. யோசனை வராத கலவரத்தில் நடுவரே ஒருமுறை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக் கட்டம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். நேரம் முடிந்துவிட்டது, ஆனால் கொசுவைத் தள்ளிவிட்டதற்காக இரண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி. மறிக்க யாரும் இல்லாமல், கோட்டில் தனியாக நின்று போடலாம். இரண்டும் விழுந்தால் கோப்பை. கொசுவின் முழங்கை வழக்கம்போல வெளியே துருத்தியது. எனக்கு நிம்மதி.

அப்போது அவன் என்ன நினைத்தானோ, பெஞ்சின் கோடியைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு மாதமாகக் கத்திய மனிதர் இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறார் என்ற உறுத்தலாக இருக்கலாம். அந்த ஒரு பார்வையில் ஏணிக்கு உயிர் வந்தது.

“முழங்கைய உள்ள வைடா!”

அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுத் தொலைத்தான். முழங்கையை விலாவோடு ஒட்டினான். அற்புதமான தோற்றம், சிலை வைக்கலாம். பந்து பலகையைக்கூடத் தொடாமல் போனது.

“இன்னும் உள்ள!”

இன்னும் உள்ளே வைத்தான். இரண்டாவது பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது.

எதிரணி குதித்தது. கோச் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொசு நேராகப் பெஞ்சுக்கு வந்து, ஏணியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“நீங்க சொன்ன மாதிரியேதானே போட்டேன்?”

“ஆமாடா. அழகா இருந்துச்சு.”

“அப்ப ஒத்துக்குங்க. நாம தோத்துட்டோம்.”

ஏணி அவனையே பார்த்தார். “என்ன சொன்ன?”

“தோத்துட்டோம்ணா. மறுபடி ஆரம்பிக்காதீங்க.”

“அதுக்கு முன்னாடி.”

“நாம. நீங்களும் நானும். பழிய என்மேல மட்டும் போடலாம்னு பாக்காதீங்க.”

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கோப்பையைக் கோட்டைவிட்ட ஒரு மனிதர், கல்யாணம் நிச்சயமானவர் மாதிரி முகமெல்லாம் பல்லாக, ஒரு கை கொசுவின் கழுத்தில், மறு கையில் போன், அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, நாங்க தோத்துட்டோம்மா!”

“அதுக்கு ஏன்டா சிரிக்கிற? கால் எப்படி இருக்கு?”

“அது கெடக்குதும்மா. நாங்க தோத்துட்டோம்!”

வாட்ச்மேனிடம் சொன்னார். எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய்ச் சொன்னார். எல்லோரிடமும் அதே ‘நாங்க’. இந்த முறை வெளியே நின்றது கேட்டவர்கள்.

சிரிக்கிறீர்களா? போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது, ஆபீசுக்குப் போன் போட்டு “எல்லாம் ஒழுங்கா போகுதா?” என்று கேட்டீர்களே, “ஒரு குறையும் இல்ல சார், நாங்க பாத்துக்கிறோம்” என்று பதில் வந்ததே, அப்போது காய்ச்சல் ஒரு டிகிரி ஏறவில்லை? நாலு நாள் அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி, சமையலறை சுத்தமாக இருப்பதைப் பார்த்து, எங்காவது ஒரு கறை ஒட்டியிருக்காதா என்று பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது யார்? உங்கள் கால் எத்தனை தலையணை மேல் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏணி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். கால் முழுக்கக் குணமாகிவிட்டது. தலையணை இன்னும் வந்து சேரவில்லை.