தலைமாட்டுப் பக்கம் சாயுங்க!

காவிரியில் கப்பல் விட்ட ஒரே மனிதர் எங்கள் தெரு கேப்டன்தான். அந்தக் கப்பல் வட்டமாக இருக்கும். பரிசல் என்று சொல்லிவிட்டால் மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும்.

திருவெறும்பூரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் போதும், "சன்செட் க்ரூஸ்! வாங்க, வாங்க!" என்று தெருவையே கிளப்பிவிடுவார். "ஏங்க இப்படிச் சுத்துது?" என்று கேட்டால் பதில் தயார். "ப்ளேன்ல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிறாங்க. என் கப்பல்ல எல்லாமே ஜன்னல் சீட்டுங்க!"

சுற்றுகிற படகில் இடது ஏது, வலது ஏது? அதனால் அரங்கநாதர் படுத்திருக்கும் கணக்கில் மேற்கைத் தலைமாடு என்றும் கிழக்கைக் கால்மாடு என்றும் வைத்துக்கொண்டார். "நாமதான் சுத்துவோம். பெருமாள் புரண்டு படுக்கமாட்டார்" என்பார்.

அவர் மகளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். பெண்ணும் பையனும் ஒரே ஆபீஸ். ஏற்கெனவே மனம் ஒத்தவர்கள். பையனின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் ஆன பிறகும் "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

கேப்டன் அசரவில்லை. "போறது இருக்கட்டும். முதல்ல கப்பல் ஏறுங்க." அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இருங்களேன்!" யார் கேட்டது? பையனின் அப்பா அம்மாவை ஏற்றி, பாரம் சரியாக வர என்னையும் ஏற்றினார். என் உடம்பு அப்படி.

நடு ஆற்றில் பையனின் அம்மா மலைக்கோட்டையைப் படம் பிடிக்கச் சட்டென்று எழுந்தார். பரிசல் ஒருக்களித்தது. "எல்லாரும் தலைமாட்டுப் பக்கம் சாயுங்க!" என்று கத்தினார் கேப்டன். நான் மேற்கே சாய்ந்தேன். பையனின் அப்பாவோ, "படுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு பரிசலுக்குள் மல்லாந்து படுத்துவிட்டார்! அடியில் தண்ணீர் வேறு.

போச்சுடா, கல்யாணம் காவிரியோடு போச்சு என்று நினைத்தேன். ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. செக்கச்செவேல் என்று வானம் மேலே சுற்ற, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடந்தார். "கல்யாணமானதிலேருந்து இவர் இப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை" என்றார் அந்த அம்மா. அதைக் கேட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கேப்டனிடம் கையை நீட்டினார். "சம்பந்தி, கொஞ்சம் தூக்கி விடுங்க."

சம்பந்தி! கேப்டன் துடுப்பை என் மடியில் போட்டுவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பரிசல் தன் போக்கில் போனது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் அவர் அழுது முடிக்கட்டும் என்று துடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.