பியானோவுக்குச் சந்தனம் பூசியவன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் பேரப்பிள்ளைகள் படம் வரைந்துவிட்டார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு ஜாஸ் குழு இருந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. மூன்றே பேர். சென்னை ஓட்டல் ஒன்றில் எடுபிடியாக இருந்து வாசிக்கக் கற்றுக்கொண்ட கரீம், எலெக்ட்ரிக் பியானோ. அடுத்த தெரு நரசிம்முலு, ஆள் உயரப் பெரிய ஃபிடில். தறி நெய்துவிட்டு மீதி நேரத்தில் டிரம்ஸ் அடித்தவன் நான். (பஜனையில் டோலக் அடித்த கை. எதை அடித்தாலும் கோவிந்த நாமம்தான் வரும்.)

"எழுதி வெச்சத வாசிக்கறது இல்லடா இது. தோணறத வாசிக்கணும்" என்பான் கரீம்.

"தப்பா தோணிடுச்சுன்னா?"

"மூஞ்சில காட்டாத. அவ்ளோதான்."

கரீம் வீட்டு மாடிப்படி குறுகல். சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த பியானோ அதில் ஏறாது. அதனால் அது என் வீட்டில், தறிக்குப் பக்கத்திலேயே நின்றது.

அந்த வருஷம் விஜயதசமி மாலை ஒரு பட்டுக்கடைத் திறப்பு விழாவில் எங்கள் கச்சேரி. சென்னையிலிருந்து பெரிய ஓட்டல் மேனேஜர் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தது. புது ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சென்னை கிளம்பும்போது கரீம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வரதா, இது போச்சுன்னா பியானோவ வித்துட்டு மச்சான் தோல் மண்டில போய் உக்காரணும். பத்திரமா பாத்துக்கபா."

பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை.

மறுநாள் ஆயுத பூஜை. தறிக்கு, ஊடு இழை ஓட்டும் நாடாவுக்கு, ராட்டைக்கு எல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தேன். பக்கத்தில் பியானோ நின்றது. பந்தியில் ஒருவனுக்கு மட்டும் இலை போடாமல் விடுவார்களா? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இடுக்கு தெரிந்தது. நெசவாளி கண்ணுக்கு இடைவெளி என்றால் இழை விட்டுப்போன மாதிரி. கெட்டிச் சந்தனத்தைக் குழைத்து, இடுக்கு இடுக்காக நிரப்பினேன்.

"ஏங்க, சந்தனக்கட்டையே தேஞ்சுபோச்சு. போதும், எழுந்து வாங்க" என்றாள் என் மனைவி பத்மா. வலது ஓரத்தில் பதினைந்து கட்டை பாக்கி. மனசில்லாமல் எழுந்தேன்.

பூஜையில் வைத்ததை மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது. தொடவில்லை. விஜயதசமியன்று கற்பூரம் காட்டி, மேலாக ஈரத்துணியால் துடைத்து, போர்வை சுற்றிக் கைவண்டியில் ஏற்றினோம். கரீம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கே வந்தான்.

முதல் கட்டையை அழுத்தினான். ஆறு கட்டை சேர்ந்து இறங்கியது. இறங்கியது ஏறவில்லை.

கரீம் நகத்தால் நெம்பிப் பார்த்தான். மஞ்சளாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. முகர்ந்தான். மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"சந்தனம் வாசன வருதே வரதா."

"பூஜை பண்ணேன்பா."

"இடுக்குலகூடவா?"

நரசிம்முலு ஃபிடிலுக்குப் பின்னால் முழுசாக மறைந்துகொண்டான். கரீம் நாற்காலியை வலது ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, தப்பிப் பிழைத்த அந்தப் பதினைந்து கட்டையிலேயே வாசிக்க ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் வாசித்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் காட்டினேன். தோல் மண்டியில் அவன் உட்கார்ந்திருப்பது என் கண் முன்னால் தெரிந்தது. வரதராஜப் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே, கண்ணீர் டிரம்மில் சொட்டச் சொட்ட அடித்தேன்.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். பியானோவைக் குனிந்து பார்த்தார்.

"ஓரத்துலயே ஏன் வாசிச்சீங்க?"

"மீதி ஒட்டிக்கினு இருக்குது சார்."

"பதினஞ்சு கட்டைல இவ்ளோ வாசிக்கிறவரு, முழுசா இருந்தா என்ன வாசிப்பீங்க? அடுத்த மாசம் ஓட்டலுக்கு வந்துடுங்க. ஃபிடில்காரரும் வரட்டும்." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரீமிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "டிரம்ஸுக்கு எங்ககிட்ட ஆள் இருக்குது. சாப்பிட வர்றவங்க முன்னாடி இவர் அழுதுகினே இருந்தா நல்லா இருக்காது."

அப்படித்தான் அந்தக் குழு உயர்ந்தது. சென்னை, பெங்களூர், பம்பாய் என்று போனார்கள். எனக்கு வருத்தமில்லை. சந்தனக்கட்டை அந்த இடத்தில் தேய்ந்து நின்றது பெருமாள் செயல் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கரீமிடமிருந்து ஒரு கார்டு வரும். "வரதா, ஓரத்த விட்டுடு" என்று ஒரே வரி இருக்கும். எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும், நான் கிண்ணத்தோடு வருவதைக் கண்டால் மருமகள் முதல் குழந்தைகள் வரை, "மாமா, ஓரத்த விட்டுடுங்க", "தாத்தா, ஓரத்த விட்டுடு" என்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரில் சிலர் நான் பியானோவுக்குப் பாலாபிஷேகம் செய்ததாகவும், தேங்காயை அதன் தலையிலேயே உடைத்ததாகவும் சொல்லித் திரிகிறார்கள். நீங்கள் யாருக்காவது சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். சந்தனம் மட்டும்தான். அழுததை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் இருக்கட்டும்.