தண்ணீர்ப் பானையில் ஜெர்மன்

எனக்கு ஜெர்மன் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் இளமையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். (பாண்டிச்சேரியில் ஆறு மாத வகுப்பு. காபி கேட்கவும் ரயில் நிலையத்துக்கு வழி விசாரிக்கவும் தெரியும். திண்டிவனத்தில் இரண்டுமே தமிழிலேயே கிடைக்கும்.)

அந்த நேரம் பார்த்துத்தான் திண்டிவனம் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், அகழாய்வு செய்ய ஹெல்கா என்ற ஜெர்மானியப் பேராசிரியை வந்தார். அவர் சொல்வதை அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தால், தன் பல்கலைக்கழகத்தில் நான் மேற்படிப்பில் சேர சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். கடிதம் வரும் முன்பே தெருவில் எல்லோரிடமும் விடைபெற்றுவிட்டேன். எதிர்வீட்டு அத்தை ஒரு ஜாடி ஊறுகாய்கூடப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே மானம் கப்பலேறியது. ஹெல்கா பழைய பானை ஓடுகளைக் காட்டி ராண்ட், ஹால்ஸ், ஷுல்டர், பௌக், ஃபூஸ் என்று அடுக்கினார். விளிம்பு, கழுத்து, தோள், வயிறு, அடிப்பாகம், அவ்வளவுதான். எனக்கோ ஒன்று நினைவுக்கு வந்தால் இன்னொன்று ஓடிப்போகும். பிட் எழுதியே பட்டம் வாங்கியவள் நான். (அப்பா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.) வேலையாட்கள் குடிக்க வைத்திருந்த புது மண்பானையில், அந்தந்த இடத்தில் அந்தந்தச் சொல்லை ஆணியால் கீறி வைத்தேன். சந்தேகம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போவேன். ஒரு நாளைக்கு நாற்பது முறை போனேன். எனக்குச் சர்க்கரை நோய் என்று முடிவுகட்டிய ஹெல்கா, பிஸ்கட் தருவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. ஒரு சில்லுகூட வீணாகக் கூடாது, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தட்டில் அடுக்குங்கள் என்று ஹெல்கா பூப்போலச் சொன்னதை, நான் இடுப்பில் கைவைத்து மிரட்டலாக மொழிபெயர்த்தேன்.

கடைசி நாள் காலை அடிப்பாகத்துக்கான சொல் மறந்துபோனது. அதைப் படிக்கப் பானையைச் சாய்க்க வேண்டும். சாய்த்தேன். அது உருண்டுபோய்க் கல்லில் மோதிச் சுக்குநூறானது. யாரும் பார்ப்பதற்குள் வேறு பானை வாங்கி வைத்துவிடலாம் என்று ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் பறந்தேன்.

திரும்பி வந்தால், அகழாய்வைப் பார்க்க உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கழுத்தில் மாலையும் பின்னால் கேமராவுமாக வந்திருந்தார். அவர் கையில் என் பானையின் சில்லு. அதில் ஃபூஸ் என்ற சொல்லின் கடைசி எழுத்து மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. ஆங்கில ‘பி’க்கு வால் முளைத்த மாதிரி, ஜெர்மன்காரர்களிடம் மட்டுமே இருக்கிற எழுத்து அது.

ஓடு கழுவும் செல்வி அக்காவிடம் என்னக்கா இது என்று முணுமுணுத்தேன்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ஒரு சில்லுகூட வுடக்கூடாதுன்னு. கழுவிக் காய வச்சிக்கினு இருந்தேன், அவரு வந்து எடுத்துக்கினாரு."

பிரமுகரோ, இது ஆதித்தமிழன் எழுத்து, உலகத்துக்கே எழுதக் கற்றுக்கொடுத்தது இந்த மல்லாட்டைக் கொல்லைதான் என்று கேமராவிடம் முழங்கிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று ஹெல்கா கேட்டார். வெயில் அதிகம் என்கிறார் என்றேன். ஹெல்கா சில்லை வாங்கிப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த புதுப் பானையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எழுதியவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றார் ஜெர்மனில். "பானையோடு வந்து நிற்கிறார் என்றும் சொல்லுங்கள்."

அந்த ஒரு மாதத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே பேச்சு அதுதான். ஜெர்மனி கண்ணெதிரே கைநழுவிப் போவது தெரிந்தது. பானையைக் கீழே வைத்துவிட்டுப் பிரமுகர் பக்கம் திரும்பினேன்.

"நான்தாங்க எழுதினேன். மறந்துடும்னு எழுதி வச்சிக்கினேன்."

பிரமுகர் கேமராவை நிறுத்தச் சொன்னார். "ஏம்மா, குடிக்கிற பானையிலயா எழுதுவ?"

கடிதம் வந்தது. உழைப்பாளி, உண்மை பேசுபவர், நிறையத் தண்ணீர் குடிப்பவர் என்று மூன்றே வரி. அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், இன்றுவரை பதிலில்லை. எதிர்வீட்டு அத்தை ஊறுகாய் ஜாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது விழுப்புரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். (வகுப்பில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது என் சட்டம்.) வீட்டில் நான் சொம்பைத் தொட்டால் போதும், என் தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறான்:

"இன்னாக்கா, எந்த வார்த்தை மறந்துபோச்சு?"