பியூலாவுக்கு நகப்பூச்சு

இரும்பில் செதுக்கிய எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது ஒரு சமூகத்துக்கு நல்லதல்ல. கோல்வெல் ஃபோர்க் ஊர் ஆண்கள் இந்த உண்மையை மான் வேட்டைக் காலம் நெருங்கும்போது கண்டுபிடித்தார்கள். துப்பாக்கியின் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் எண்ணும் செதுக்கியிருக்கும். அந்தப் பள்ளங்களில் வெள்ளைப் பூச்சை நிரப்பினால் எழுத்து பளிச்சென்று தெரியும். மான் அதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார்.

இதற்கு மிக உகந்தது நகப்பூச்சு. டிராக்டர் பழுது பார்க்கும் விரல்களுக்கு அந்தச் சின்னத் தூரிகை அடங்கவில்லை. எழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல்தான் வெள்ளையானது. ஆகவே அவர்கள் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக டுயெட் அக்காவின் நக அழகுக் கடைக்கு வரத் தொடங்கினார்கள். அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான்.

குண்டு இல்லை என்று திறந்து காட்டினால்தான் துப்பாக்கியை அக்கா தொடுவார். எழுத்தில் பூச்சை நிரப்பி, பாதி காய்ந்ததும் ஓர் அட்டையில் துணியை இறுக்கிச் சுற்றி மேலாகத் துடைப்பார். பள்ளத்தில் இருப்பது மட்டும் தங்கும். பன்றிப் பண்ணை வெண்டல் ஒருநாள் தன் துப்பாக்கியில் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

அப்போதுதான் அழகுக்கலை வாரியத்தின் ஆய்வாளர் ஃபென்விக் உள்ளே வந்தார்.

"மேடம், இது என்ன?"

"துப்பாக்கி."

"அது தெரியுது. உங்க உரிமம் வாடிக்கையாளருக்குப் பூச்சுப் போடத்தான். வாடிக்கையாளர் இல்லாத ஒண்ணுக்குப் போட்டா உரிமம் ரத்து."

அக்காவின் தூரிகை அந்தரத்தில் நின்றது. கடை, கடைக்கு மேலே உள்ள வீடு, மகனின் கல்லூரி எல்லாமே அந்த உரிமத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

"அப்போ இதையே வாடிக்கையாளர்னு வெச்சுக்குங்களேன்" என்றார்.

ஃபென்விக் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாடிக்கையாளர் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் நேர்மையானவர். விதியில் இல்லாததைச் சேர்க்க மாட்டார்.

"சரி. வருகைப் படிவத்தை எடுங்க. பேரு?"

"பியூலா" என்றார் வெண்டல், தொப்பியைக் கழற்றி.

"வயசு?"

"எங்கப்பா வாங்கினது. என்னைவிட மூத்தவ."

"ஒவ்வாமை ஏதாவது?"

"ஈரம் ஆகாது."

"தோல் நோய்?"

"இங்க கொஞ்சம் துரு."

"பரவுமா?"

"விட்டா பரவும் சார்."

"அப்போ தொற்று. மருத்துவர் சான்று இல்லாம இவங்களைத் தொடக்கூடாது."

ஊர் மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கால்நடை மருத்துவர் போட்டுக் கொடுத்தார். வாய் பேசாத நோயாளிகள் அவருக்குப் பழக்கம்.

சில வாரங்களில் வாரியம் நிலைமையை ஆழ்ந்து பரிசீலித்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர், அதாவது துப்பாக்கிகள், படிவத்தைச் சரியாக நிரப்ப இயலாதிருப்பது கவலையளிப்பதாகக் கூறி, எல்லோருக்கும் பொதுவாகப் புதிய படிவம் ஒன்றை அனுப்பியது. குழாயின் நீளம், கடைசியாக எண்ணெய் போட்ட தேதி, சீரியல் எண். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கடைக்குப் பூட்டு.

வெள்ளிக்கிழமை லொரெட்டா வந்தார். ஊர்க்கூட்டம் தோறும் எழுந்து, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அபாயம் என்று பேசுகிறவர் அவர். அவர் பேசத் தொடங்கினால் ஆண்கள் காப்பி குடிக்க வெளியே போய்விடுவார்கள்.

"நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் டுயெட். பவளச் சிவப்பு போட்டுவிடு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

"உங்க சீரியல் எண்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னது?"

பூச்சு காய்வதற்காக பியூலாவோடு காத்திருந்த வெண்டலுக்குக் குஷி. "எண் இல்லாம ஒரு பொம்பளை எப்படி வெளியில கிளம்பலாம் லொரெட்டா? வேணும்னா பியூலாவைக் கடனாத் தரேன்."

"அவ மேல எண்ணெய் நாத்தம். உன் மேல பன்றி நாத்தம். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

அக்கா ஃபென்விக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். கைக்கு எண் கிடையாது, ஆகவே அது வாடிக்கையாளர் ஆகாது. ஆனால் துப்பாக்கியோடு சேர்ந்த பாகங்களுக்குப் பூச்சுப் போடலாம். பிடித்திருக்கும் கையையும் ஒரு பாகமாகக் கருதலாம். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒருவருக்கே சொந்தமாயிருக்க வேண்டும்.

"டுயெட், நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? சும்மா போடேன்" என்றார் லொரெட்டா.

"போட்டா கடை போயிடும் லொரெட்டா." அக்கா தூரிகையைப் புட்டிக்குள் திருப்பி வைத்தார்.

லொரெட்டா ஜன்னல் வழியே எதிரே இருந்த துப்பாக்கிக் கடையைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார். கல்யாணப் புகைப்படத்தில் மணமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிற நகங்கள். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் சின்னக் கைத்துப்பாக்கி, விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. செத்த எலியை எடுத்து வருவதுபோல் இரண்டு விரல்களால் தூக்கி வந்தார்.

"திங்கட்கிழமை திருப்பிக் குடுத்துடுவேன்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

விதிப்படி முதலில் வாடிக்கையாளருக்குப் போட்டார் அக்கா. அதன் எழுத்துகள் பவளச் சிவப்பில் மலர்ந்தன. அதன் பிறகு பாகங்களுக்கு, அதாவது லொரெட்டாவின் பத்து விரல்களுக்கு. கல்யாணத்தில் எல்லோரும் நகத்தைப் புகழ்ந்தார்கள்.

திங்கட்கிழமை எதிர்க்கடைக்காரர் வருத்தத்தோடு தலையசைத்தார். பூச்சுப் போட்ட சரக்கை அவர் திரும்ப எடுப்பதில்லை.

லொரெட்டாவின் கொள்கை மாறவில்லை. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அபாயம் என்றுதான் இன்றைக்கும் ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார். அதனால்தான் அதை வீட்டில் வைக்காமல் கைப்பையில் எடுத்து வந்து, மேடையில் தன் முன்னால் வைத்துக்கொள்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை இப்போதெல்லாம் யாரும் காப்பி குடிக்க எழுந்து போவதில்லை.