பத்து மணிப் பிளேன்

அம்மாவை எப்படி நிறுப்பது என்று விஜிதரனுக்குத் தெரியவில்லை.

பிளேன் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். எழுபது வருஷப் பழைய விமானம். தண்ணீரில் வாத்து மாதிரி மிதக்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும். ஏறுகிற ஒவ்வொருவரின் நிறையும் முன்கூட்டியே தெரிந்தால்தான் யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். ஒரு மாதத்துக்கு மட்டும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்து நிற்கும் அந்த மஞ்சள் பிளேனை விஜிதரன் பேஸ்புக்கில்தான் பார்த்தான். 'பெற்றோருக்கு ஒரு பறக்கும் பரிசு' என்று போட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவன் வேலை செய்யும் ஹட்டன் கூட்டுறவுச் சங்கத்தில் அவன் பதிந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் தேதி தப்பாக இருந்தது.

மூன்று வகைப் பயணம் இருந்தது. பத்து நிமிஷம் நீர்த்தேக்கத்தைச் சுற்றி. இருபது நிமிஷம் தோட்டங்களுக்கு மேலே. நாற்பது நிமிஷம் சிவனொளிபாத மலை வரைக்கும். ஒரு கிழமை, ஏழு நாளும் யோசித்தான். தண்ணீரை அம்மா தினமும் வாசலில் இருந்தே பார்க்கிறாள். சிவனொளிபாத மலைக்கு நாலு தடவை நடந்தே ஏறியவள், பிளேனில் போனால் அந்த நாலு தடவைப் புண்ணியமும் குறைந்துவிடும் என்பாள். ஆகவே நடுவிலிருந்ததைத் தேர்ந்தெடுத்தான். அது அவள் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த மலைக்கு மேலேயே போகும்.

அம்மா மீனம்மாவுக்கு எழுபது வயது முடியப்போகிறது. அவளுக்குப் பரிசு கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. விஜிதரன் வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கரில் அரிசி கொட்டி வைத்திருக்கிறாள். போன் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் விபூதி உண்டு. அவள் முழங்கால் இன்னும் எத்தனை நாள் ஒத்துழைக்கும் என்று தெரியாது. அதற்குள் ஒரு தடவையாவது அவள் நிஜமாக ஆசைப்பட்ட ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் வைராக்கியம்.

பிளேன்தான் அவள் ஆசை என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது.

சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு நாட்களில் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போவான். காலை பத்து மணி போல, தேயிலை நிரைக்குள் நின்றபடியே அம்மா கையை நெற்றியில் வைத்து, "அந்தா பிளேனு போவுது!" என்பாள். கூலிக்கணக்கில் ஒரு இலையைக்கூட விடாத பழனியாண்டிக் கங்காணியே கம்பை ஊன்றிக்கொண்டு மேலே பார்ப்பார். "எங்கடி? எங்க?" என்பார். மேகத்துக்குள்ளே போய்விட்டது, இப்போது வெளியே வரும் என்பாள் அம்மா. விஜிதரனும் கழுத்து வலிக்கப் பார்ப்பான். மூன்று மணிக்கு இன்னொரு பிளேன். ஒன்றுகூட அவன் கண்ணில் பட்டதில்லை. எல்லாருக்கும் தெரிகிற பிளேன் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆறாம் வகுப்பில் டீச்சரிடம் சொல்லி அழுதான். அவர் கண் டாக்டரிடம் அனுப்பினார். அன்றைக்கு மாட்டிய கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை.

விஷயம் ரகசியமாக இருக்கவேண்டும் என்று மனைவி நிஷாந்தியிடம் சொல்லியிருந்தான். அதனால்தான் நிறுப்பது இத்தனை கஷ்டமாகிவிட்டது. முதலில் பாசமாகக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் அம்மாவைத் தூக்கிப் பார்த்தான். நாற்பதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். மீனம்மா அந்தரத்தில் இருந்தபடியே, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஹட்டனுக்குக் கூட்டிப்போய் மருந்து விற்கிற பாமசி வாசலில் இருந்த தராசில் ஏற்றினான். நாற்பத்தாறு. எதற்கு என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னான்.

"அரசாங்கத்துல கேக்கிறாங்கம்மா."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கம்பெனிக்காரர்கள் அடையாள அட்டையின் பிரதி கேட்டார்கள். அதையும் வாங்கினான். அட்டைப் படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை, புதிய படம் அனுப்புங்கள் என்றார்கள். மறுபடி கூட்டிப்போய் ஸ்டூடியோவில் உட்கார வைத்தான். அம்மா அந்தப் படத்தில் சிரிக்கவில்லை. பிறகு, பை கொண்டுவந்தால் ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை அவன் நிஷாந்திக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்போது அம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அப்போதாவது அவன் யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒற்றை ஆளை ஏற்றமாட்டார்கள், துணைக்கு ஒருவர் வேண்டும். நோர்வூட் பஸ்ஸிலேயே மூன்றாவது வளைவில் வாந்தியெடுக்கிற நிஷாந்தி கும்பிடு போட்டு விலகிக்கொண்டாள். விஜிதரனுக்கு ஏணியில் நாலாவது படிக்கு மேல் தலை சுற்றும். அவன்தான் போகவேண்டும் என்றாகிவிட்டது.

பயணத்துக்கு முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது அவர்கள் வரிசை வீடுகளின் லயத்து வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டு சுலக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், அவள் கைக்குள் அம்மாவின் கோழிகள். இன்னொருத்தி அம்மியை உருட்டிக்கொண்டு போனாள். பிரஷர் குக்கர் அரிசியோடு யார் வீட்டுக்கோ போய்விட்டிருந்தது. மீனம்மா பட்டுச் சேலை கட்டி, மடியில் ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன மணிக்குத் தம்பி கோச்சி?" என்று கேட்டாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. மற்ற எல்லாருக்கும் விளங்கியிருந்தது. அம்மாவுக்கு இருபது வயதாக இருக்கும்போது அவளுடைய அக்கா நாகலெட்சுமி குடும்பத்தை, தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, இப்படித்தான் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அரசாங்கத்திலிருந்து கேட்டார்கள், படம் எடுத்தார்கள், பேரைப் பதிந்தார்கள், இவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்றார்கள். அக்காவும் கோழியைக் கொடுத்தாள், அம்மியைக் கொடுத்தாள், ஹட்டன் ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினாள். தலைமன்னாரில் கப்பல். அதற்குப் பிறகு கடிதம் மட்டும்தான் வந்தது. அப்புறம் அக்கா செத்த செய்தியோடு அதுவும் நின்றுபோயிற்று.

"போகச் சொன்னா போறேன்" என்றாள் மீனம்மா. "அக்காவும் செத்துப் போயிட்டா. அங்க நான் யாரு வீட்டுக்குப் போறது? அத மட்டும் சொல்லிரு."

விஜிதரன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். ரகசியம், ஆச்சரியம், பறக்கும் பரிசு எல்லாவற்றையும் அங்கேயே கைவிட்டான்.

"ஐயோ, அதில்லம்மா. உங்களப் பிளேன்ல ஏத்தப் போறேன்."

"பிளேன்லயா அனுப்புறீங்க?" என்று சுலக்ஷனா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

போனை எடுத்து மஞ்சள் பிளேனின் படத்தைக் காட்டி, இருபது நிமிஷம்தான், நம் தோட்டத்துக்கு மேலேயே ஒரு சுற்று என்று விளக்கிச் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. மீனம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கேர்ந்து கெளம்புது?"

"காசல்ரீ."

"எங்க கொண்டுபோய் எறக்குவாங்க?"

"அதே காசல்ரீதாம்மா."

"அப்ப எதுக்குப் போறது?"

"உங்களுக்குத்தான் பிளேன்னா அவ்வளவு ஆசையாச்சே" என்றான் விஜிதரன். மீனம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுப் பையைப் பிரிக்க உள்ளே போனாள். அம்மி திரும்பி வந்தது. குக்கரும் வந்தது. மூன்று கோழிகள் உயிரோடு வந்தன, நாலாவது குழம்பாக வந்தது.

மறுநாள் லயமே திரண்டு வழியனுப்பியது. தன் மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் எந்நேரமும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழனியாண்டிக் கங்காணிகூட, எண்பத்தாறு வயதில், கம்பை ஊன்றி ரோட்டு வரைக்கும் வந்துவிட்டார். மீனம்மா பழைய பழக்கத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நீர்த்தேக்கக் கரையில் ஒரு தராசு போட்டிருந்தார்கள். மறுபடி நிறுத்தார்கள். ஸ்வெட்டர், பை எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்பது. சீருடை போட்ட சிங்கள இளைஞன் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். மீனம்மா இறங்கவில்லை. சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கப் போகிறாய் என்று அவனிடம் சிங்களத்தில் கேட்டாள். அவன் முழித்தான். எதையும் கழிப்பதில்லை அம்மே, இருக்கிறதை அப்படியே எழுதுவதுதான் வழக்கம் என்றான். அவள் அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"முப்பத்தெட்டு வருசமாக் கொழுந்துத் தராசுக்கு முன்னாடி நின்னுருக்கேன்" என்றாள் மகனிடம், ரகசியமாக. "நிறுத்தத நிறுத்தபடி எழுதின மொத ஆளு இவன்தான்."

பரிசு இப்போதே பலித்துவிட்டது, இப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று விஜிதரனுக்குத் தோன்றியது. அதற்குள் பிளேனில் ஏற்றிப் பெல்ட்டை மாட்டிவிட்டார்கள்.

என்ஜின் சத்தத்தில் பற்கள் ஆடின. தண்ணீர் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் அடியில் எதுவுமே இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த முருகன் பாட்டு ஒன்றின் முதல் இரண்டு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா சந்தோஷப்படுகிறாளா என்று பார்க்கவேண்டுமே என்றுதான் கடைசியில் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

மீனம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழே அவள் மலை. வகிடு எடுத்துச் சீவின தலை மாதிரி தேயிலை நிரைகள். அதற்குள் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி புள்ளியாகப் பெண்கள். பிளேன் சத்தம் கேட்டு எல்லாப் புள்ளிகளும் அசையாமல் நின்றன. எல்லாரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மா கையைக் கீழ்நோக்கி அசைத்து அசைத்து என்னவோ கத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை. என்ன சொல்கிறாள் என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"குந்துங்கடி!" என்று கத்திக்கொண்டிருந்தாள் மீனம்மா. "என்னாத்த வேடிக்க பாக்கிறீங்க? சீக்கிரம் குந்துங்கடி!"

கரைக்கு வந்து, கடையில் பால் விடாமல் இரண்டு பிளேன்டீ வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அவனால் கேட்க முடிந்தது. மேலே இருந்துகொண்டு எதற்கு அவர்களை உட்காரச் சொன்னீர்கள் என்று.

மீனம்மா பிளேன்டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"வருத்தப்பட மாட்டியே?"

"இல்ல, சொல்லுங்க."

"அப்பல்லாம் கங்காணி கண்ணுக்கு முன்னாடி ஒரு நிமிசம் குந்த முடியாது. நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போகும். புள்ளத்தாச்சிங்க வேற இருப்பாளுங்க. நான் பிளேன்னு சொல்லுவேன். அவரு மேல பாப்பாரு. அவரு தேடி முடிக்கிற வரைக்கும் செடிக்குப் பின்னாடி எல்லாரும் குந்திக்குவோம்."

"அப்ப அந்தப் பிளேன்?"

"ஏது பிளேனு? ஒண்ணும் கெடையாது."

விஜிதரன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ ஆசையா வாங்கியிருக்க. எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு அவன் முழங்காலில் தட்டி, நன்றாகத்தான் இருந்தது, இத்தனை வருஷம் கழித்து நிஜமாகவே ஒரு பிளேனைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேனே என்றாள். கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டாள். "கங்காணிகிட்ட மட்டும் சொல்லிறாத தம்பி. கடுமையான மனுசன்தான், ஆனா இந்த வயசுல போயி, பொம்பளைங்க ஏமாத்திட்டாளுங்கன்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சுரும்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தான். இந்த ஒரு மாதத்தில் அவன் காப்பாற்றிய ரகசியங்களின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

அவர்கள் திரும்பி வந்தபோது பழனியாண்டிக் கங்காணி ரோட்டோரம் மதகு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மீனம்மா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள். கங்காணி அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். பயமாக இருந்ததா, மலை தெரிந்ததா, அம்மா என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு கேள்விக்குச் சமாளித்தான். மூன்றாவதில் எல்லாம் கொட்டிவிட்டது. குந்துங்கடி என்றது, பத்து மணிப் பிளேன், மூன்று மணிப் பிளேன், மேகத்துக்குள்ளே இல்லாத பிளேன் எல்லாவற்றையும் சொல்லி, அம்மாவை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையையும் பிடித்துக்கொண்டான்.

கங்காணி வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார்.

"பிளேன் இல்லேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? உங்கம்மா சொல்ல மறந்துட்ட நாளெல்லாம் நானேதான் மொதல்ல மேல பாத்துக்கிட்டு நிப்பேன்."