எட்டாவது கிராஸ் பை வழங்கும் விழா

அன்று எங்கள் கிராஸ் (குறுக்குத் தெரு) சுவருக்கு முன்னால் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். பெயர் முனுசாமி. டைல்ஸ் ஒட்டுகிறவன். அன்று புதுச் சட்டை போட்டிருந்தேன் (ராணி பழையது போதும் என்றாள்).

ராணி, என் மனைவி. விழாவே வேண்டாம் என்றும் சொன்னவள்.

திவ்யா, என் மகள். காலேஜ் இரண்டாம் வருஷம்.

ஃபர்ஹீன், அவளுடைய தோழி. பைகளைத் தைத்தவள்.

லோகு அண்ணன். எங்கள் ஏரியா தலைவர். பைகளைக் கொடுக்க வந்தவர்.

மஞ்சுளா, எதிர்வீடு. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

தெரு ஜனம். இலவசம் என்றால் பெங்களூர் ஈஜிபுராவில் ஆள் சேர நேரமாகாது.

கடைசியாக சரோஜாக்கா. அவருடைய மகன் பிரபு பைக்கில் போய் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முப்பதாம் நாள் காரியத்துக்காகத் திருப்பத்தூரிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுவருக்கு வந்தார். மகன் முகம் இருந்த பேனர் அந்தச் சுவரில்தான் கட்டியிருந்தது.

அதை நாங்கள் வெட்டியிருந்தோம்.

எப்படி வெட்டினோம் என்பதுதான் கதை.

திவ்யாவின் காலேஜில் சேவை செய்யச் சொன்னார்கள். எங்காவது போய் நாலு பேருக்கு உதவி செய்ய வேண்டும். செய்ததற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

"அதுக்கென்ன, நான் பாத்துத் தரேன்" என்றேன். பெங்களூரில் உதவி வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்காது என்று நினைத்தேன். இருந்தார்கள்.

முதலில் ஒரு முதியோர் இல்லம். மல்லேஸ்வரத்தில் அவர்களுக்கு நான்தான் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தேன். அந்த உரிமையில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா ஒரு காலண்டரை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் புக் ஆயிடுச்சுப்பா. போன வாரம் ஒரே நாள்ல மூணு காலேஜ் வந்து பாட்டுப் பாடிட்டுப் போச்சு. இவங்க காதுல பஞ்சு வெச்சுக்கினு படுத்துட்டாங்க."

"கொழந்தைங்க வந்து நகம் வெட்டி விடட்டுமா?"

"வெட்டறதுக்கு நகம் எங்க கீது? காலைலதான் ஒரு ஐடி கம்பெனி வந்து வெட்டிட்டுப் போச்சு."

அடுத்து நாய்கள் காப்பகம். ஊசி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். நாய்க்கா என்று கேட்டேன். பிள்ளைகளுக்காம்.

வைட்ஃபீல்டில் மரம் நடுகிறார்கள் என்றார்கள். வேலைக்குப் போன சாக்கில் போய் நின்றேன். குழி எல்லாம் தீர்ந்துவிட்டது என்றான் ஒரு பையன். இன்னொரு இடத்தில் ரோடு சுத்தம் செய்கிறார்கள். அங்கே இன்டர்வியூ உண்டு.

"ரோடு கூட்டறதுக்கா?" என்றேன்.

"ஏன் கூட்ட விரும்பறீங்கன்னு கேப்போம் சார்."

என் அக்கா முப்பது வருஷம் ரோடு கூட்டினாள். அவளை யாரும் அதைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து திவ்யாவிடம் சொன்னேன். "எங்கயும் போக வேணாம். நம்ம கிராஸ்லயே செய். தண்ணிக் கொழா பக்கத்துச் சுவரப் பாரு. எவ்ளோ அசிங்கம். சுத்தம் பண்ணி வெள்ளை அடிங்க. லோகு அண்ணன் கையெழுத்துப் போடுவார்."

திவ்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அஞ்சாவது படித்தவன் காலேஜ் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபர்ஹீன் வந்தாள். சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ் பேனர்கள். பண்டிகை வாழ்த்து, கட்சி, டியூஷன், மூலம் பௌத்திரம். எனக்கு ஆனேக்கல் பக்கம் ஒரு சமையல்கட்டு டைல்ஸ் வேலை இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டே சொன்னேன். நான் சொன்ன வார்த்தை இதுதான்:

"விளம்பர பேனரும் பெரிய தலை போட்டு கும்பிட்டுக்கினு நிக்கிற பேனரும் கழட்டிடுங்க. யார் கேட்டாலும் எம் பேரச் சொல்லுங்க."

பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள்.

பிரபுவின் பேனரை லோகு அண்ணன்தான் தன் செலவில் போட்டார். அதனால் மேலே பெரிதாக லோகு அண்ணன் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய தலைவர். அவர் பக்கத்தில் அவருடைய தலைவர். கீழே நடுவில் பிரபு. நண்பன் கல்யாணத்தில் எடுத்த படம். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் ரோஜாப்பூ, இரண்டு புறா. எங்கள் பக்கம் பிறந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் பேனர் ஒரே மாதிரிதான் இருக்கும். எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

எழுத்து தமிழில் இருந்தது. ஃபர்ஹீனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது சரி. என் மகளுக்கும் தெரியாது. பேசுவாள். ஸ்கூலில் கன்னடம், இங்கிலீஷ், இந்தி. தமிழை நான்தான் வீட்டில் சொல்லித் தந்திருக்க வேண்டும். நாள் முழுக்க முழங்காலில் நின்று வேலை. சாயங்காலம் வந்தால் படுக்கத்தான் தோன்றும். வேறு காரணம் கிடையாது.

பிரபு செத்தது திவ்யாவுக்குத் தெரியும். ஆனால் அவன் இறந்த வாரம் அவளுக்குப் பரீட்சை. பேனர் கட்டிய இடத்தில் நின்று அவள் பார்த்ததில்லை. லோகு அண்ணனைப் பார்த்தாள், கழற்றிவிட்டாள். கீழே சிரிக்கிற பையனைச் சரியாகப் பார்த்திருக்கலாம். மேல்கயிற்றை அவிழ்த்ததும் பேனர் தலைகீழாகத்தான் தொங்குமாம். பிற்பாடு சொன்னாள்.

சாயங்காலம் நான் வந்தபோது சுவர் பால் மாதிரி இருந்தது. நான் சுவரை மட்டும்தான் பார்த்தேன். பிரபு பேனர் இல்லாததை யாரும் கேட்கவில்லை. சரோஜாக்கா ஊருக்கு எடுத்துப் போயிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

கழற்றிய ஃப்ளெக்ஸை குப்பையில் போட்டால் மண்ணுக்குக் கெடுதல் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஃபர்ஹீன் எல்லாவற்றையும் சுருட்டி ஆட்டோவில் நீலசந்திராவில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் அம்மாவிடம் தையல் மிஷின் உண்டு. சுருளை விரித்து, வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வெட்டி, பை தைத்துவிட்டார்கள். வெள்ளை வெளியே, அச்சு உள்ளே. பார்க்க அவ்வளவு சுத்தம்.

"கிராஸ் முழுக்க வீட்டுக்கு ஒரு பைப்பா. பிளாஸ்டிக் கவர் வேணாம்னு சொல்லிக் குடுக்கலாம்" என்றாள் திவ்யா.

"விழா வெச்சிடலாம்" என்றேன். அதுவும் நான்தான்.

அடுத்த ஞாயிறு விழா. அதில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

லோகு அண்ணன் கொஞ்சம் பேசினார். பிறகு பை கொடுக்க ஆரம்பித்தார். ஃபர்ஹீன் போனில் படம் எடுத்தாள். அந்தப் பக்கமாக யாரோ ஒரு ஆள் நடந்து போனான். வேலைக்குப் போகிற ஆள், எங்கள் தெரு இல்லை. அவனையும் கூப்பிட்டு ஒரு பையைக் கையில் வைத்து லோகு அண்ணன் படத்துக்கு நின்றார். அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மஞ்சுளாதான் முதலில் பையைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, உள்ள உங்க மீசை கீது."

லோகு அண்ணன் வாங்கிப் பார்த்தார். மீசைதான். அவருடையதுதான். சிரித்துவிட்டார். "பரவால்ல, மார்க்கெட்டுக்குப் போனா நானும் கூட வருவேன்" என்றார். ஜனம் சிரித்தது. எல்லோரும் தங்கள் பையைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். ஒருவருக்கு டியூஷன் சென்டர் போன் நம்பர். ஒருவருக்கு மூலம். ஒருவருக்குப் புறா.

"எனக்கு ஒரு கண்ணு வந்துகீது" என்றான் இஸ்திரி போடுகிற கணேசன். "யாரு கண்ணுனு தெர்ல."

புறா என்றதும் சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மற்ற பேனர் எதிலும் புறா கிடையாது.

அப்போதுதான் சரோஜாக்கா வந்து நின்றார். ஒரு கையில் துணி மூட்டை. சுவரைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சரோஜாக்காவிடம் பிரபுவின் படம் வேறு இல்லை. சின்ன வயதுப் படம் உண்டு, ஆதார் அட்டையில் விரல் நகம் அளவுக்கு ஒன்று உண்டு. அவன் போன் வண்டியோடு நசுங்கிப் போனது. கல்யாணப் படம் யார் போனில் இருந்தது என்று கேட்டால் பையன்கள் ஒருவரையொருவர் காட்டினார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் அழித்துவிட்டார்கள். ஊருக்குப் போகும்வரை தினமும் காலையில் குடத்தை வைத்துவிட்டு அந்தப் பேனர் முன்னால் நின்று ஏதோ சொல்வார். என்ன சொல்வார் என்று யாரும் பக்கத்தில் போய்க் கேட்டதில்லை.

"முனுசாமி, பிரபு எங்கப்பா?" என்றார்.

புதுச் சட்டை கழுத்தில் அறுத்தது.

திவ்யா என்னைப் பார்த்தாள். கணேசன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அப்பா, பர்த்டே பேனர்னு நெனச்சேன்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். தெருவுக்கே கேட்டது.

லோகு அண்ணனுக்குப் போன் வந்துவிட்டது. (போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.) பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார்.

மஞ்சுளாவே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணேசன் பையை சரோஜாக்காவிடம் நீட்டினான். அவர் மூட்டையைக் கீழே வைத்தார். பைக்குள் கையை விட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்தார். ஒரு கண், பாதி நெற்றி, கொஞ்சம் முடி.

"எண்ணெ வெச்சிக்கடானா கேக்க மாட்டான். பாரு, எப்படிப் பறக்குது" என்றார்.

ஃபர்ஹீன் அழுதுவிட்டாள். பாவம், நூல் அறுந்து போகக்கூடாது என்று இரட்டைத் தையல் போட்ட பெண்.

பிறகு பைகளை எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பையில் ஏற்கனவே தக்காளி போட்டிருந்தார்கள். அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். ராணி கத்தரிக்கோல் கொண்டுவந்து தையலைப் பிரித்தாள். நான் சரோஜாக்கா வீட்டுத் தரையில் துண்டுகளை வைத்துச் சேர்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மூலைக்கு மூலை, கோட்டுக்குக் கோடு. லோகு அண்ணன் முழுசாகக் கிடைத்தார். அவருடைய தலைவர்களும் கிடைத்தார்கள். ரோஜாப்பூ, இரண்டு புறா, எல்லாம் சேர்ந்தது.

பிரபு சேரவில்லை. முகம் நாலு துண்டு, மூன்றுதான் கிடைத்தது. வலது கன்னமும் வாயில் பாதியும் இல்லை.

அந்தத் துண்டு ரோட்டில் போன ஆளிடம் போய்விட்டது. ஃபர்ஹீன் எடுத்த படத்தில் அவன் முதுகு தெரிகிறது. லோகு அண்ணன் நன்றாக விழுந்திருக்கிறார்.

"எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சுக் கொண்டாந்து தரேன்க்கா" என்றேன்.

சரோஜாக்கா துண்டுகளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"பாதி வாய் போதும்ப்பா" என்றார். "முழுசா இருந்தப்பவே எங்கிட்ட பேசினவன் இல்ல."

மறுநாள் காரியம். சரோஜாக்கா அந்த மூன்று துண்டுகளையும் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, கீழே வாழையிலை போட்டுப் படைத்தார். லோகு அண்ணனை மாட்டவில்லை. திருப்பத்தூர் ஜனம் வந்து பார்த்துவிட்டு, பெங்களூரில் இப்படித்தான் போலிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஃபர்ஹீன் எடுத்த படங்களைப் பார்த்துக் காலேஜில் எங்கள் பைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். திவ்யா வாங்கப் போகவில்லை. கையெழுத்து மட்டும் வந்தது. காலையில் சரோஜாக்காவுக்குக் குடம் பிடித்து வைக்கிறாள். அதற்குக் கையெழுத்து கிடையாது.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளைப் பையைக் கண்டால் உள்ளே பார்க்காமல் இருக்க முடியாது. மார்க்கெட்டில், பஸ்ஸில், வேலை செய்கிற இடத்தில். ஒருமுறை வைட்ஃபீல்டில் ஒரு கொத்தனார் முதுகைப் பார்த்து ஓடினேன். இரண்டு சிக்னல் தாண்டிப் பிடித்தேன். பைக்குள் நகைக்கடை விளம்பரமும் அவருடைய சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. சாப்பாட்டுக்கு ஓடி வந்தேன் என்று நினைத்து, பாதி ராகி முத்தையை, களி உருண்டைதான், எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டில் இது பெரிய சிரிப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் ராணி வாசலிலேயே சொல்லிவிடுவாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட பையக் காட்டிட்டு உள்ள போங்க. செக் பண்ணாம விட மாட்டார்." தாம்பூலப் பையோடு பிள்ளைகள் என் முன்னால் வரிசையில் நிற்கும். நானும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குப் பார்ப்பதில்லை என்று திவ்யாவுக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் சரோஜாக்கா வீட்டில் தரை பெயர்ந்துவிட்டது என்று ஒட்டப் போனேன். வேலை முடித்து எழுந்தபோது சுவரைப் பார்த்தேன்.

அதே மூன்று துண்டுகள். நாலாவதின் இடத்தில் வெறும் சுவர்.