கருங்காலிக்கே அண்ணன்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

நாங்கள் இருவரும் நலம். தாங்களும் தங்கள் மர அறுவை மில்லும் நலமென்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மரத்தை அறுத்துவிட்டேன்!

ஆமாம், காற்றில் சாய்ந்து நம் வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு கிடந்ததே பக்கத்து வீட்டு மரம், அதையேதான். "முப்பது வருஷம் ஆபீஸ்ல பென்சில் சீவினவர் நீங்க, மரம் அறுக்கப் போறீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை ஆளோட வரேன்" என்று என் சம்பந்தி முன்னால் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. உங்களிடம் முன்பே இரவல் வாங்கிய மரம் அறுக்கும் செயின் மிஷினை முதலில் செயின் வரை கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, நானே மாட்டினேன். உங்கள் ஆட்கள் ஒருநாளாவது துடைத்திருப்பார்களா? ஆனால் அந்த மரம் இருக்கிறதே, அது மரமா, இரும்பு! செவ்வாய் முழுக்க அறுத்தேன்; ஒரு விரல் ஆழம்தான் போனது, மற்றதெல்லாம் புகை. எதிர்வீட்டு டாக்டர் "என்ன சார், சமையலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புதனன்று இன்னும் அரை விரல், கூடவே இடுப்பும் பிடித்துக்கொண்டது. உங்கள் தங்கை "அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள். "கூப்பிட்டா நான் இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றேன். வாசலையே மரம் அடைத்துக்கொண்டு கிடந்ததால் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலே கருங்காலி, புளி, வேலம், மருது என்று பட்டியல் போடுவீர்களே, அதெல்லாம் இதன் கால்தூசுக்கு வருமா? வியாழன் மதியம் சற்றே கண்ணயர்ந்து எழுந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை வைத்தேன் பாருங்கள், வாழைத்தண்டு மாதிரி இறங்கியது! செதில் செதிலாகப் பறந்தது! அரை மணியில் பன்னிரண்டு துண்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம், மரம் நகராதா? டாக்டர் கை தட்டினார். சொல்ல வெட்கமில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு துண்டை உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். ஆட்கள் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். கேட் வழியாகவே வரலாம்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மரத்தை வென்ற
தங்கள் தங்கையின் கணவர்

பி.கு.: அண்ணா, கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி நான் எழுதுறேன். துடைச்ச மனுஷன் மிஷின் செயினைத் தலைகீழாத் திருப்பி மாட்டியிருந்தார், பல்லெல்லாம் பின்பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. வியாழக்கிழமை அவர் குறட்டை விடும்போது நான்தான் சரியா மாட்டி வெச்சேன். மில்லுல வளந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? மரமும் தீக்குச்சிக்கு வெட்டுற மரம்தான். ஆனா அறுத்தது அவர்தான். ஞாயித்துக்கிழமை துண்டை எடுத்து நீட்டுவார். ஒரு விரலால தூக்கலாம். நீ ரெண்டு கையாலயும் வாங்கி, "அம்மாடி, என்ன கனம்!"னு சொல்லிடு.